காவும் காவலும்

தமிழில் சோலையைக் குறிக்கும் சொற்கள் பல. கா, பொழில், தண்டலை, பொதும்பர், உய்யானம், உவவனம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றுள் மிகச் சிறியது 'கா' என்னும் ஓரெழுத்து ஒருமொழி. அதே எழுத்து வினையாகவும் நின்று 'காப்பாற்று' என்னும் பொருளைத் தரும். இரண்டும் ஒரு வேரினவா அல்லவா என்பதை மொழிநூலார் முடிவு செய்யட்டும். ஆயினும், காவல் மிக்க சோலையைக் 'கடிகா' என்றும், பகைவர் தீண்டாதவாறு காக்கப்பட்ட மரத்தைக் 'கடிமரம்' என்றும் நம் முன்னோர் வழங்கியதை நோக்கும்போது, மரம் நின்ற இடத்தில் காவலும் நின்றது என்பது விளங்கும். ஆங்கிலத்தில் 'பார்க்' என்பதும் முதலில் மன்னர் வேட்டையாடுவதற்கென வேலியிட்ட நிலத்தையே குறித்தது. மதில் சூழ்ந்த தோட்டத்துக்குப் பழைய ஈரானிய மொழியில் வழங்கிய சொல்லே கிரேக்கத்தின் வழியாக ஐரோப்பிய மொழிகளில் 'பாரடைஸ்' ஆயிற்று. அரபியில் 'ஃபிர்தவ்ஸ்' ஆயிற்று. நாம் துஆவில் கையேந்திக் கேட்கும் உயர்ந்த சுவனபதியின் பெயருக்குள்ளும் ஒரு மதில் மறைந்திருக்கிறது.

இந்தச் சொல்லாராய்ச்சி எனக்கு வகுப்பறையில் தோன்றவில்லை. இலண்டன் மாநகரின் பூங்கா ஒன்றில், மர இருக்கையில் அமர்ந்திருந்தபோது தோன்றியது. 2024-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில், அந்நகரின் கிழக்கே ஈஸ்ட் ஹாமில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். தங்கையும் அவள் கணவரும் பணிக்குச் சென்றுவிடுவர். அவர்களுடைய ஆறு வயது மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என் பொறுப்பாயிற்று. மாத இறுதியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் காணவேண்டும் என்று பட்டியல் எழுதி வைத்திருந்த என்னை, அச்சிறுமி நாள்தோறும் பூங்காவுக்கே இழுத்துச் சென்றாள். இப்போது எண்ணிப் பார்க்கையில் அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

பயணக் கட்டுரை எழுதுவது என் நோக்கமன்று. இலண்டனில் சுமார் 3,000 பூங்காக்கள் உள்ளன. அவற்றின் அழகைப் புகழ்ந்து எழுதியோர் பலர். செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் கூழைக்கடாப் பறவைகள் 1664-இல் உருசியத் தூதர் அளித்த பறவைகளின் வழிவந்த மரபு என்பதுவரை எல்லாம் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அவ்வாறு எழுதுவோர் பெரும்பாலும், இப்பூங்காக்கள் அரசர்கள் தம் குடிகளுக்கு அளித்த கொடை என்று சொல்லிச் செல்கின்றனர். அது பாதி உண்மை. மறு பாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

ஹைட் பூங்காவை எடுத்துக்கொள்வோம். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவியருக்கு உரிமையாயிருந்த அந்நிலத்தை எட்டாம் ஹென்றி 1536-இல் தம் வேட்டைக்காக எடுத்துக்கொண்டார். நூறாண்டு கழித்து 1637-இல் முதலாம் சார்லசு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். கொடை என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதே அரசர், அதே 1637-இல், நகருக்குத் தென்மேற்கே ரிச்மண்டில் 2,500 ஏக்கர் நிலத்தைச் சுற்றி எட்டு மைல் நீள மதிலை எழுப்பி, அதற்குள் மான்களை விட்டார். அம்மதிலுக்குள் உழவர்களின் வயல்களும் ஊர்ப் பொதுநிலங்களும் அகப்பட்டன. ஊரார் முணுமுணுக்கவே, நடந்து போவோர் வழியைக் கடக்கலாம், ஏழைகள் சுள்ளி பொறுக்கலாம் என்னும் உரிமைகளை மட்டும் விட்டுவைத்தார். ஒரு கையால் திறந்ததை மறு கையால் மூடிய அரசருக்குக் கொடையாளி என்னும் பெயர் எவ்வாறு பொருந்தும்?

அவர் விட்டுவைத்த அந்தச் சிறு உரிமையையும் பறிக்க முயன்றவர் ஓர் இளவரசி. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகளான அமீலியா, 1751-இல் ரிச்மண்டு பூங்காவின் காவற்பொறுப்பை ஏற்றார். ஏற்றதும் வாயில்களை மூடினார். அனுமதிச் சீட்டுப் பெற்ற சீமான்களும் சீமாட்டிகளும் மட்டுமே உள்ளே செல்லலாம் என்றார். தலைமுறை தலைமுறையாக அவ்வழியே நடந்து சந்தைக்கும் கோயிலுக்கும் போனவர்கள் எட்டு மைல் மதிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அவ்வூரில் ஜான் லூயிஸ் என்று ஒருவர். மது வடிப்பது அவர் தொழில். அத்தொழில் நமக்கு உவப்பானதன்று. எனினும் அவர் செய்த காரியத்தை உவக்காமல் இருக்க முடியவில்லை. சீட்டு வைத்திருந்த ஒரு வண்டி உள்ளே செல்லும்போது அதன் பின்னாலேயே நடந்து வாயிலை நெருங்கினார். வாயில் காத்த பெண், சீட்டு எங்கே என்று தடுத்துக் கதவைச் சாத்தினாள். இதையே அவர் எதிர்பார்த்திருந்தார். வழிமறித்ததற்காக அவள்மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கு உண்மையில் யார்மேல் என்பது நாடறிந்த செய்தி. 1758-இல் தீர்ப்பு வந்தது, இளவரசி தோற்றார். மன்னரின் மகளை எதிர்த்து ஓர் ஊர்க்காரர் வென்றது அக்காலத்தில் சிறு செய்தியன்று.

இதற்குப் பின் நடந்ததுதான் சுவையானது. மதிலில் கதவு வைக்கவேண்டுமா, ஏணிப்படி வைக்கவேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது, லூயிஸ் ஏணியையே கேட்டார். கதவு என்றால் பூட்டலாம். சீட்டு இல்லாதவன் தன்னைத் தாழ்ந்தவனாக எண்ணிக்கொள்ளவும் கூடும். ஏணியை யாரும் பூட்ட முடியாது என்பது அவர் கருத்து. ஏணி வைத்தார்கள். ஆனால் படிகளை ஒன்றுக்கொன்று மிகத் தொலைவாக வைத்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் ஏறமுடியவில்லை. லூயிஸ் மீண்டும் நீதிபதியிடம் சென்றார். கிழவர்கள் மட்டுமல்ல, கிழவிகளும் ஏறும்படி படிகளை அமைக்கவேண்டும் என்று நீதிபதி ஆணையிட்டதாக வரலாறு கூறுகிறது. பிற்காலத்தில் அவர் கைப்பொருள் இழந்து நொடித்தபோது ஊரார் கூடி ஆண்டுத்தொகை திரட்டிக் கொடுத்தனர்.

படிகளின் இடைவெளி என்னும் இச்செய்தியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உரிமையை நேரடியாக மறுத்தால் வழக்குத் தொடுக்கலாம். உரிமையைக் கொடுத்துவிட்டு, எளியவர் எட்டமுடியாத உயரத்தில் வைத்துவிட்டால் என்ன செய்வது? லூயிசின் பெருமை வழக்கில் வென்றதில் பாதி. இரண்டாம் முறையும் நீதிமன்றத்துக்கு நடந்ததில் பாதி.

இதே காலத்தைச் சார்ந்த இன்னொரு செய்தியும் வழங்குகிறது. அமீலியாவின் தாயாரான கரோலின் அரசியார், செயின்ட் ஜேம்ஸ் பூங்காவை மூடி அரண்மனைத் தோட்டமாக்க விரும்பினாராம். என்ன செலவாகும் என்று அமைச்சர் வால்போலைக் கேட்டாராம். 'மூன்று கிரௌன்கள்தாம்' என்றாராம் அவர். கிரௌன் என்பது அந்நாட்டு நாணயத்துக்கும் பெயர், மகுடத்துக்கும் பெயர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாட்டு மகுடங்களையும் இழக்க நேரிடும் என்பது குறிப்பு. நம் தனிப்பாடற்புலவர்களுக்கு நிகரான சிலேடை!

அரசர்களின் வேட்டைக்காடுகள் பெரும்பாலும் நகரின் மேற்கே இருந்தன. மாளிகைகளும் மேற்கே இருந்தன. கப்பல் துறைகளும் தோல் பதனிடும் தொழிற்கூடங்களும் அவற்றில் உழைத்தோரின் குடில்களும் கிழக்கே இருந்தன. 1839-இல் வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞர், கிழக்கு இலண்டனில் இறப்பு மிகுந்திருப்பதை எண்களால் காட்டி, அங்கு ஒரு பூங்கா அமைந்தால் ஆயிரக்கணக்கானோரின் உயிர் காக்கப்படும் என்று எழுதினார். கிழக்கில் தோன்றும் தொற்றுநோய் அங்கேயே நின்றுவிடாது, மேற்கே மாளிகைகளுக்கும் நடந்து வரும் என்பதையும் சுட்டிக்காட்டினார். ஏழைகளுக்கு இரங்காத நெஞ்சமும் தன் உயிருக்கு அஞ்சும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். 1840-இல் 30,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் விக்டோரியா அரசிக்குச் சென்றது. 1845-இல் விக்டோரியா பூங்கா திறக்கப்பட்டது. அரசியின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஆனால் அதைக் கேட்டு வாங்கிய 30,000 பேரும் அதை 'மக்கள் பூங்கா' என்றே அழைத்தனர்.

நான் தங்கியிருந்த பகுதிக்கு அருகில் உள்ள வெஸ்ட் ஹாம் பூங்காவும் இத்தகையதே. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஃபாதர்கில் என்னும் மருத்துவர் உலகின் பல பகுதிகளிலிருந்து அருஞ்செடிகளைத் தருவித்து வளர்த்த தோட்டம் அது. 1874-இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. 77 ஏக்கர். மாலையில் அங்கே சென்றால் வங்காளம், பஞ்சாபி, உருது, சோமாலி, தமிழ் என்று செவியில் விழாத மொழியில்லை. ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் குழந்தைகள் மட்டும் ஆங்கிலத்தில் சண்டையிட்டுக்கொண்டன. முக்காடிட்ட பாட்டிமார் ஒரு மரத்தடியில், கிறித்தவப் பாட்டிமார் ஒரு மரத்தடியில், கிரிக்கெட் ஆடும் இளைஞர் நடுவில். யாரும் யாரையும் 'நீ யார்?' என்று கேட்கவில்லை. எதையும் விலைகொடுத்து வாங்காமலும், இன்னார் என்று சொல்லிக்கொள்ளாமலும், ஒரு மாநகரில் அந்நியர் அந்நியருக்கு அருகே உட்காரக்கூடிய இடங்கள் எத்தனை இருக்கின்றன? தொழும் இடங்களையும் நூலகங்களையும் விட்டால் பூங்கா ஒன்றுதான்.

இந்த 'மக்கள் பூங்கா' என்னும் எண்ணம் கடல் கடந்து நம் சென்னைக்கும் வந்தது என்பதை இங்குச் சொல்லவேண்டும். 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லசு டிரெவெல்யன், தம் நாட்டில் எழுந்த அவ்வியக்கத்தை அறிந்தவர். கறுப்பர் நகரத்து நெரிசலில் வாழ்ந்தோர்க்காக 116 ஏக்கரில், குளங்களோடு, 'பீப்பிள்ஸ் பார்க்' ஒன்றை அமைத்தார். அது எங்கே என்று இன்றைய மாணவரைக் கேட்டால் விழிப்பார். அதன் நிலத்தில்தான் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது, மூர் மார்க்கெட் எழுந்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை எழுந்தது, விளையாட்டரங்கம் எழுந்தது. உயிர்க்காட்சிச்சாலை 1985-இல் வண்டலூருக்குப் போயிற்று. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் இரயில்வேக் கட்டடம் வந்தது. இவற்றுள் எதுவும் தீய நோக்கத்தோடு கட்டப்பட்டதன்று. மண்டபம் வேண்டும், மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டும், இரயிலுக்கு நிலையம் வேண்டும். பூங்காவைக் கொடியவர்கள் பறிப்பதில்லை; நல்ல காரியங்களே அதைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகின்றன. அங்கே லூயிஸ் போன்ற ஒருவர் எழாமற் போனதற்கு, எதிர்த்து நிற்க ஓர் இளவரசி இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். 1866 ஜூலையில் உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கேட்டு ஹைட் பூங்காவில் கூட முயன்றவர்களுக்கு எதிராக வாயில்கள் மூடப்பட்டன. கூட்டம் நெருக்கிய நெருக்கத்தில் இரும்புக் கிராதிகள் சாய்ந்தன. மறு ஆண்டே வாக்குரிமைச் சட்டம் விரிவாயிற்று. 1872-இல் இயற்றப்பட்ட சட்டம் பூங்காவில் பேசுவதற்கு வழி செய்தது. பேச்சாளர் முனை என்று இன்று உலகம் அறிந்த இடம் அவ்வாறு தோன்றியதே. நான் சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒருவர் இசுலாத்தைத் தாக்கிப் பேசிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி இன்னொருவர் அதற்கு ஆதரவாகப் பேசிக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே ஒரு முதியவர், பூமி தட்டையானது என்று மெய்ப்பித்துக்கொண்டிருந்தார். மூவரின் தமிழாசிரியராக இருந்திருந்தால் மூவருக்கும் மதிப்பெண் குறைத்திருப்பேன். ஒருவருக்கும் மற்றவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் இல்லை.

கிராதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இலண்டனில் வீடுகள் சூழ்ந்த சதுரத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பல இன்று பொதுவானவை. சிலவற்றுக்குச் சுற்றி வாழ்வோரிடம் மட்டும் சாவி இருக்கும். இரண்டாம் உலகப்போரில் இரும்பு வேண்டி நகரின் கிராதிகளைப் பெயர்த்தெடுத்தார்கள். சில ஆண்டுகள் எல்லாத் தோட்டங்களும் எல்லாருக்கும் திறந்து கிடந்தன. போர் முடியுமுன்பே வேலிகள் திரும்பத் தொடங்கின. 'விலங்குப் பண்ணை' எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் 1944-இல் இதைக் கண்டித்து எழுதினார். குண்டு விழும்போது பொதுவாயிருந்த புல்வெளி, குண்டு நின்றதும் தனியுடைமையாவது ஏன் என்று நமக்கும் கேட்கத் தோன்றுகிறது.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2019-இல் தென் இலண்டனில், பழைய பள்ளி நிலத்தில் எழுந்த ஒரு குடியிருப்பைப் பற்றிய செய்தி நாளேடுகளில் வந்தது. விலைகொடுத்து வாங்கியோர் வீடுகளும், குறைந்த வாடகை வீடுகளும் அங்கே அடுத்தடுத்து இருந்தன. நடுவே குழந்தைகள் விளையாடும் திடல். வாடகை வீட்டுக் குழந்தைகள் அதற்குள் நுழைய முடியாதபடி இடையில் வேலிச்செடி வளர்க்கப்பட்டிருந்தது. ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படிக்கும் குழந்தைகள் சன்னல் வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். நெஞ்சை ஆற்றிய செய்தி, விலைகொடுத்து வாங்கிய வீட்டுப் பெற்றோரும் சேர்ந்து எதிர்த்தார்கள் என்பது. எதிர்ப்புக்குப் பின் தடை விலக்கப்பட்டது. படிகளைத் தொலைவாக வைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் மறைந்துவிடவில்லை.

விளையாட்டுத் திடல்களின் வரலாறே தனியாக எழுதத்தக்கது. டென்மார்க்கை நாசியர் பிடித்திருந்த 1943-இல், கோபன்ஹேகன் புறநகரான எம்ட்ரூப்பில் பழைய மரம், செங்கல், கயிறு இவற்றைக் கொடுத்துக் குழந்தைகளைத் தாமே கட்டி விளையாட விட்டார்கள். 1946-இல் அதைக் கண்ட ஆலன் சீமாட்டி, இலண்டனில் குண்டு விழுந்து பாழான மனைகளை அவ்வாறே குழந்தைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். வீடு இடிந்த மண்ணில் குழந்தைகள் வீடு கட்டி விளையாடின. இடிபாட்டைக் கண்டு அஞ்சாமலிருக்க அதைவிடச் சிறந்த மருந்து இருக்குமா என்று தெரியவில்லை. கென்சிங்டன் தோட்டத்தில் 2000-இல் திறந்த டயானா நினைவுத் திடலின் மரக் கப்பலில் என் தங்கை மகள் பாய்மரக் கயிற்றில் தொங்கியபோது, "பெரியம்மா, பிடிக்காதீங்க, நானே ஏறுவேன்" என்றாள். பிடிக்கப் போன கையை மடக்கி வைத்துக்கொண்டேன். நம் கைகளுக்கும் சிறிது பயிற்சி தேவைப்படுகிறது.

பூங்காக்களில் என்னை மிகவும் கவர்ந்தவை மலர்களல்ல, மர இருக்கைகள். பலவற்றில் சிறு பித்தளைத் தகடு. இன்னாருடைய நினைவாக, இந்த இடத்தை அவர் நேசித்தார் என்று இரண்டு வரி. மனிதன் இறந்தபின்னும் தொடரும் நன்மைகளுள் நிலைத்து நிற்கும் தருமத்தை நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். அந்நாட்டார் அதை அறிந்து செய்தார்களா என்று ஆராய வேண்டியதில்லை. கால் வலித்தவர் அமர்கிறார். போனவருக்கு ஒரு நன்றி சேர்கிறது. வக்ஃபு என்பதன் உட்பொருளை மாணவர்க்கு விளக்க நான் இனி அந்த இருக்கையைத்தான் சொல்வேன்.

செயின்ட் பால் பேராலயத்துக்கு வடக்கே, பழைய இடுகாடுகளைச் சேர்த்து 1880-இல் திறந்த ஒரு சிறு தோட்டம் உண்டு. அருகில் தலைமை அஞ்சல் நிலையம் இருந்ததால் 'அஞ்சற்காரர் பூங்கா' என்று பெயர் பெற்றது. அங்கே ஓவியர் வாட்ஸ் 1900-இல் ஒரு சுவர் எழுப்பினார். பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரை இழந்த எளிய மக்களின் பெயர்கள் ஓடுகளில் எழுதிப் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஆலிஸ் அயர்ஸ் என்பது ஒரு பெயர். 1885-இல் தன் தமக்கையின் வீடு தீப்பற்றியபோது மெத்தையைச் சன்னல் வழியே வீசி, தமக்கையின் பெண்மக்கள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராக அதன்மேல் இறக்கிவிட்டு, தான் குதிக்கும்போது வலுவிழந்து விழுந்து இறந்தாள். கூலித்தொழிலாளியின் மகள், வயது 25. உடன்பிறந்தாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஓட்டைப் படித்தவள் நான். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டுமா என்று தயங்கிய ஒரு செய்தி உண்டு. ஹைட் பூங்காவின் கிழக்கோரத்தில் 52 எஃகுத் தூண்கள் நிற்கின்றன. 2005 ஜூலை 7 அன்று மூன்று சுரங்க இரயில்களிலும் ஒரு பேருந்திலும் வெடித்த குண்டுகளுக்குப் பலியான 52 பேருக்காக 2009-இல் நாட்டப்பட்டவை. ஆளுக்கு ஒரு தூண். ஒன்று போல் மற்றொன்று இல்லை. நாளும் நேரமும் இடமும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. கொன்றவர்கள் என் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். இறந்தவர்களிலோ முஸ்லிம்களும் இருந்தார்கள். முக்காடிட்ட நான் அத்தூண்களுக்கிடையே நடக்கும்போது யாரேனும் என்னைப் பார்க்கிறார்களா என்று என் கண்கள் என்னையறியாமல் தேடின. அவ்வாறு தேடியதற்காகப் பின்னர் என்மேலேயே எனக்குச் சினம் வந்தது. நினைவிடத்துக்குச் சுவரும் இல்லை, வாயிலும் இல்லை. தங்கை மகள் தூண்களை எண்ணிக்கொண்டே ஓடினாள். ஒன்றை விட்டுவிட்டு 51 என்றாள். திரும்ப எண்ணச் சொன்னேன். வெள்ளை மூதாட்டி ஒருவர் நின்று, அவள் சரியாக எண்ணி முடிக்கும்வரை அவளோடு உதட்டசைத்து எண்ணினார். பிறகு தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பேருந்து வெடித்த இடம் டாவிஸ்டாக் சதுக்கம். அங்கேயுள்ள தோட்டத்தின் நடுவில் 1968 முதல் காந்தியடிகள் அமர்ந்திருக்கிறார். ஹிரோஷிமாவில் மாண்டோருக்காக நட்ட செர்ரி மரம் ஒன்றும் அங்குண்டு. சில நிமிடம் நடந்தால், கீழ்த்திசை ஆப்பிரிக்கவியல் கல்லூரியின் வளாகத்தில், நம் திருவள்ளுவர் 1996 முதல் அமர்ந்திருப்பதைக் காணலாம். அன்று மாலை ரீஜண்ட் பூங்காவைக் கடந்து சென்றேன். படகுகள் மிதக்கும் ஏரிக்கு அப்பால் மரங்களுக்கு மேலே பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம் தெரிகிறது. 1944-இல் அரசு அளித்த நிலத்தில் 1977-இல் கட்டி முடிக்கப்பட்ட பள்ளி அது. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்து, அதே பூங்காப் புல்லில் குழந்தையோடு அமர்ந்து கொண்டுவந்த சோற்றை உண்டேன்.

நான் ஊர் திரும்பிய மறு ஆண்டு, 2025 மே மாதத்தில் ஒரு செய்தி படித்தேன். தென் இலண்டனின் பிராக்வெல் பூங்காவில் கோடைதோறும் உயர்ந்த தடுப்புகளை எழுப்பிச் சீட்டு விற்று இசைவிழா நடத்துகின்றனர். தனி ஒப்புதல் இன்றி ஆண்டுக்கு 28 நாள் வரை இவ்வாறு பயன்படுத்தலாம் என்பது விதி. அதற்கு மேலும் நாட்கள் நீள்வதை எதிர்த்து அவ்வட்டாரத்துவாசி ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். உள்ளாட்சி அளித்த ஒப்புதல் முறையன்று என்று தீர்ப்பு வந்தது. ஆயினும் அவ்வாண்டு விழாக்கள் நடக்கத்தான் செய்தன. உள்ளாட்சியினரைக் கொடியவர்கள் என்று சொல்லேன். பூங்காக்களைப் பேணியே தீரவேண்டும் என்று இங்கிலாந்தில் உள்ளாட்சிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. நிதி குறையும்போது முதலில் வெட்டுப்படுவது தோட்டக்காரர் கூலி. விழா தரும் பணத்தில்தான் புல் வெட்டுகிறோம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புல்லைக் காப்பதற்காகப் புல்வெளியை மூடுவது, விதைநெல்லை விற்று வயலுக்கு வேலி போடுவதை ஒக்கும். ரிச்மண்டில் சீட்டு இல்லாதவரை நிறுத்திய வாயிலுக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. அன்று சீட்டு இளவரசியிடம் கிடைத்தது, இன்று விலைக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் வேலியே கூடாதா என்று கேட்கலாம். அதற்கு விடையாக ஓர் இடம் உண்டு. திக்கற்ற குழந்தைகளுக்காக, தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் 1739-இல் அரசாணை பெற்று ஓர் இல்லம் நிறுவினார். 1920-களில் அவ்வில்லம் ஊருக்கு வெளியே சென்றது. மாநகரின் நடுவில் இருந்த அந்நிலத்தில் கட்டடம் எழாமல் மக்கள் போராடிக் காத்தார்கள். 1936 முதல் அதில் ஏழு ஏக்கர் குழந்தைகளுக்கான திடலாக இருக்கிறது. கோரம் ஃபீல்ட்ஸ் என்பது பெயர். சுற்றிலும் கிராதி; வாயிலில் காவல். குழந்தையை அழைத்து வராத பெரியவர்க்கு உள்ளே இடமில்லை. செல்வராயினும் அமைச்சராயினும் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். விடுமுறை வாரத்தில் இருமுறை அங்கே சென்றோம். உள்ளே நுழையும்போதெல்லாம் என் தங்கை மகள் வாயிற்காவலரிடம் என்னைச் சுட்டிக்காட்டி, "இவங்க என்னோட வந்தவங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமிதம்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், பள்ளி திறந்துவிட்டதால், நான் தனியே அப்பக்கம் போயிருந்தேன். பழக்கத்தில் கால் வாயிலை நோக்கிச் சென்றது. காவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். குழந்தை எங்கே என்று கேட்டார். பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்றேன். மன்னிக்கவேண்டும் என்று கையை விரித்தார். கிராதிக்கு வெளியே சிறிது நேரம் நின்று, உள்ளே ஊஞ்சலாடும் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, டாவிஸ்டாக் சதுக்கத்தின் பக்கம் நடந்தேன்.